மண்டையோட்டுப் பலகை இல்லாத காணிகள்

மிதிவெடி என்றால் என்ன என்று எம்மவருக்கு எவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வன்னிக்கு மீளக் குடியமரச் சென்ற எத்தனையோ குடும்பங்கள் முதலிற் கண்டது தங்கள் வீட்டின் எஞ்சிய சுவரை அல்ல; வேலியோரத்தில் நின்ற சிவப்புப் பலகையையும் அதிலிருந்த மண்டையோட்டையும்தான். அந்தப் பலகையை நாம் விரும்பவில்லை. காணிக்குள் போகவிடாமல் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், அது எம்மை மறித்து நின்றது. ஆயினும் எமது பிள்ளைகளின் கால்களைக் காத்ததும் அதுதான்.

பலகை நடப்படுவதற்கு முன்னர் இன்னொரு வேலை நடந்தது. மிதிவெடி அகற்றுவோர் ஊர் ஊராக வந்து எம்மிடம் கேட்டார்கள். மாடு எந்த இடத்தில் அகப்பட்டது? காவலரண் எந்தப் பக்கம் இருந்தது? எந்த ஒழுங்கையால் நீங்கள் நடப்பதில்லை? நாம் சொன்னதையும் தாங்கள் கண்டதையும் வைத்து வரைபடம் கீறினார்கள். அந்த வரைபடத்தின்படிதான் பலகை வந்தது, பின்னர் வெடி அகன்றது, பின்னர் காணி எமதாயிற்று.

நஞ்சு புதைந்த காணிக்கு இப்படி ஒரு பலகை இல்லை. கழிவு ஒயில் ஊற்றிய பள்ளம், பழைய பற்றறிகளை உடைத்த வளவு, வைத்தியசாலைக் கழிவைப் புதைத்த குழி, காலாவதியான பூச்சிமருந்தைக் கொட்டிய வாய்க்கால் ஆகிய எல்லாவற்றையும் ஒரு ரிப்பர் மண் போட்டு மூடிவிடலாம். ஒரு மாரி பெய்தால் மேலே புல் முளைத்துவிடும். அங்கே என்ன கிடக்கிறது என்பது ஊரோடு இருந்தவனுக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போய் இருபது வருடம் கழித்துத் திரும்பி வருபவனுக்குத் தெரியாது. இடம்பெயர்வு எம்மிடமிருந்து காணியை மட்டும் பறிக்கவில்லை. காணியின் கதையையும் பறித்துவிட்டது.

ஆகவே இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறேன். கழிவு எங்கே கிடக்கிறது என்று காட்டுவது பாதி வரைபடம். அது யாருடைய கிணற்றுக்கு எட்டுகிறது, எந்த வீட்டுப் பிள்ளை அதைக் குடிக்கிறது என்று காட்டுவதே முழு வரைபடம். அந்த முழு வரைபடத்தை நாமே கீறவேண்டும். எவரும் வந்து எமக்காகக் கீறுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது.

வெறுங்காணி என்ற பொய்

அபாயகரமான கழிவை ஒழுங்கான முறையில் அகற்றப் பணம் செலவாகும். அந்தச் செலவைத் தப்பிக்க நினைப்பவன் தேடுவது ஒன்றையே: கேள்வி கேட்க ஆளில்லாத நிலம். ஆள் இல்லாத நிலமாகவோ, ஆள் இருந்தும் குரல் இல்லாத நிலமாகவோ அது இருக்கலாம். போரினாற் கைவிடப்பட்ட காணி முதலாவது வகை. இடம்பெயர்ந்தோர் உறுதியின்றி இருக்கும் தாழ்நிலம் இரண்டாவது வகை. பெயர்ப் பதிவு ஓரிடத்திலும் வாழ்வு இன்னோரிடத்திலுமாக இருக்கும் எமது குடும்பங்கள் இந்த இரண்டிலும் அகப்பட்டுக்கொள்கின்றன.

இது வடக்கு கிழக்கின் கதை மட்டுமல்ல. 2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் மாண்டனர். அந்த மலையின் அடியில் வாழ்ந்தோர் வசதி படைத்தவர்கள் அல்லர். கொழும்பின் குப்பை ஏறத்தாழ 170 கிலோ மீற்றருக்கு அப்பால், புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டில் சுண்ணக்கல் அகழ்ந்த பகுதிக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெருந்தொகையாகத் தஞ்சம் புகுந்த மாவட்டம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

வெளிநாட்டுக் கழிவும் இங்கு வந்தது. பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து இறக்கப்பட்ட கொள்கலன்களுள் வைத்தியசாலைக் கழிவும் இருந்தமை 2019 இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவை நீதிமன்றம் வரை சென்று, 263 கொள்கலன்களாக, 2022 பெப்ரவரிக்குள் திருப்பி அனுப்பப்பட்டன. இதில் எமக்கொரு பாடம் உண்டு. துறைமுகத்தில் ஏடு இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம் இருந்தது. அதனாற்றான் அவற்றைத் திருப்பி அனுப்ப முடிந்தது. இரவில் பின்ஒழுங்கையால் வரும் ரிப்பருக்கு ஏடு ஏது? அந்த ஏட்டை எழுத வேண்டியவர்கள் ஒழுங்கையில் இருக்கும் நாம்தான்.

சுன்னாகம் சொல்வது

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. எமக்குள்ள நன்னீர் எல்லாம் மாரி மழையில் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி நிற்கும் நீரே. கீழே உவர்நீர், அதன்மேல் மெல்லிய நன்னீர்ப் படை. களிமண் நிலத்தில் ஊற்றிய எண்ணெய் மெதுவாகவே நகரும். சுண்ணக்கல்லில் அப்படியல்ல. வெடிப்பு எங்கே போகிறதோ அங்கே நஞ்சும் போகும். ஒரு வளவில் ஊற்றியது அடுத்த வளவைத் தாண்டி மூன்றாவது வளவின் கிணற்றில் தலைகாட்டலாம்.

சுன்னாகத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தனியார் நிறுவனமொன்று நடத்திய அனல் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் மணந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் 2013 நவம்பருக்கும் 2014 யூலைக்கும் இடையில் அந்த நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மீற்றர் சுற்றுக்குள் 150 கிணறுகளைச் சோதித்தனர். அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் குடிநீருக்குரிய அளவைத் தாண்டியிருந்தன. தோட்டக்காரர் தம் கிணற்றைப் பார்த்துக்கொண்டு பவுசரின் தண்ணீருக்காக வீதியில் வாளியுடன் நின்றார்கள். பின்னர் மாகாண மட்டத்தில் அமைந்த நிபுணர் குழு வேறுவிதமாகச் சொன்னது. குடிக்கலாமா, கூடாதா என்று சனம் குழம்பியது. தெருவில் போராட்டம், நீதிமன்றத்தில் வழக்கு என்று காலம் போனது.

இறுதியில், 2019 ஏப்ரலில், உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நிலத்தடி நீர் மாசடைந்தமைக்கு அந்த நிறுவனம் பொறுப்பு என்றும், கண்காணிக்க வேண்டிய அதிகார சபைகள் தம் கடமையில் தவறின என்றும் நீதிமன்றம் கண்டது. மாசாக்கியவரே செலவைச் சுமக்கவேண்டும் என்ற நெறியின்படி 2 கோடி ரூபா இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பு பெரிய காரியம். எனினும் கவனியுங்கள். தீர்ப்புக்கு அடிப்படையாக நின்றது எது? கூக்குரலும் சுலோகமும் வழக்கைத் தொடக்கி வைத்தன. வழக்கைத் தாங்கி நின்றவை இன்ன கிணறு, இன்ன தூரம், இன்ன திகதி, இன்ன அளவு என்ற பதிவுகளே. அந்தப் பதிவு எண்ணெய் மணந்த முதல் வருடத்திலேயே ஊரவர் கையில் இருந்திருந்தால் எத்தனை வாளி தண்ணீர் குடிக்கப்படாமல் இருந்திருக்கும்!

கிறிஸ்தவ சபையொன்று கீறிய வரைபடம்

கழிவுக்கு மேல் மக்களை வைத்துப் பார்க்கும் வரைபடம் புதிய யோசனையல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1978 இல் பி.சி.பி. எனப்படும் நச்சுப்பொருள் கலந்த மின்மாற்றி எண்ணெயை இரவிரவாக வீதியோரங்களில் ஏறத்தாழ 240 மைல் தூரத்துக்கு ஊற்றிச் சென்றார்கள். அந்த மண்ணைக் கிண்டி எடுத்த அரசு அதை எங்கே கொண்டுபோய்ப் புதைத்தது? வொறன் என்ற மாவட்டத்தில். அங்கே வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், ஏழைகள், கிணற்று நீரை நம்பியிருந்த கமக்காரர். 1982 இல் மண் ஏற்றிய லொறிகளின் முன்னே அவர்கள் வீதியிற் படுத்தார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ஆனாலும் மண் அங்கேயே புதைக்கப்பட்டது. நஞ்சு நீக்கும் வேலை 2003 ஆம் ஆண்டின் இறுதி வரை சென்றது.

அந்தப் போராட்டத்தில் நின்ற ஐக்கிய கிறிஸ்து சபை என்ற புரட்டஸ்தாந்து சபையினர் ஒரு கேள்வி கேட்டார்கள்: இது வொறனில் மட்டும் நடந்த ஒன்றா? நாடு முழுவதுமுள்ள நச்சுக் கழிவிடங்களை ஒருபுறமும், தபாற் குறியீட்டுப் பிரிவு வாரியாக அங்கு வாழும் மக்களை மறுபுறமும் வைத்துப் பார்த்து 1987 இல் அறிக்கை வெளியிட்டார்கள். கறுப்பின, ஸ்பானிய வம்சாவளி மக்களில் ஐந்து பேருக்கு மூவர் கட்டுப்பாடற்ற நச்சுக் கழிவிடம் உள்ள பகுதிகளில் வாழ்ந்தனர் என்று அது காட்டியது. கழிவு ஏழையிடம் போகிறது என்று பலரும் நினைத்திருந்தார்கள். வருமானத்தைவிட இனமே கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்று அந்த வரைபடம் சொன்னது. அதன்பின் இது தற்செயல் என்று எவரும் இலகுவில் சொல்ல முடியவில்லை.

எனினும் அந்த வரைபடத்துக்கு உதவியது அரச சனத்தொகைக் கணக்கெடுப்பு. எமது நிலையில் அங்கேதான் சிக்கல். முகாமில் இருப்பவன், உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்பவன், வாடகைக் காணியில் தோட்டம் செய்பவன் ஆகியோர் எந்த ஏட்டில் எந்த இடத்தில் இருக்கிறார்கள்? ஏட்டில் இல்லாதவனுக்கு நஞ்சு எட்டினாலும் கணக்கில் எட்டாது. அதேபோல, நாம் விட்டு வந்த காணி கடதாசியில் வெறுமையாகக் கிடந்தால், கழிவு கொட்ட இடம் தேடுபவனுக்கு அது நல்ல இடமாகவே தெரியும்.

வட்டம் மட்டும் போதாது

கழிவிடத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் கீறி, அதற்குள் உள்ளவர்களே பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்வது அதிகாரிகளின் வழக்கம். அது தொடக்கத்துக்கு உதவும். ஆனால் நஞ்சு வட்டத்தைப் பார்த்து நடப்பதில்லை.

நியூயோர்க் மாநிலத்தின் லவ் கனால் என்ற குடியிருப்பு இதற்குச் சாட்சி. 1942 முதல் 1953 வரை இரசாயன நிறுவனமொன்று பழைய கால்வாயொன்றில் ஏறத்தாழ 21,000 தொன் கழிவைப் புதைத்து, மண் மூடி, அந்தக் காணியை ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபைக்கு எழுதிக்கொடுத்தது. மேலே பாடசாலையும் சுற்றிலும் வீடுகளும் எழுந்தன. 1978 இல் அவசர நிலை அறிவித்தபோது கால்வாயை அடுத்த வீட்டாரையே முதலில் வெளியேற்றினார்கள். லொயிஸ் கிப்ஸ் என்ற குடும்பப் பெண்ணும் அயலவரும் வீடு வீடாகச் சென்று நோய் விபரங்களைக் கேட்டு வரைபடத்தில் குத்தினார்கள். வட்டமாக வரவில்லை. நோய் கோடு கோடாகத் திரண்டு நின்றது. அந்தக் கோடுகள் எவை என்று பழையவர்களைக் கேட்டபோது, வீடு கட்டுமுன் மூடப்பட்ட பழைய நீரோட்டங்கள் என்று தெரிந்தது. பெவர்லி பேஜன் என்ற விஞ்ஞானி அவர்களுக்குத் துணை நின்றார். வீட்டுப் பெண்களின் பயனற்ற கணக்கு என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். ஆனால் 1980 இல் எஞ்சிய குடும்பங்களும் வெளியேற வழி செய்யவேண்டியதாயிற்று.

மூடிய வாய்க்கால் எங்கே இருந்தது என்பது கருவிக்குத் தெரியாது. அங்கே வாழ்ந்து வயதானவருக்குத் தெரியும். எமது ஊர்களிலும் அப்படியே. தூர்ந்த குளம் எது, மாரி வெள்ளம் எந்த வரம்பால் இறங்கும், எந்தக் கிணற்றை இறைத்தால் எந்தக் கிணறு வற்றும் என்பதெல்லாம் எமது பெற்றோரின் நினைவில் உள்ளன. அவர்கள் முகாமிலும் வெளிநாட்டிலும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அந்த நினைவைக் கடதாசியில் இறக்குவதற்கு எமக்கு அதிக காலம் இல்லை.

ஊருக்குக் கெட்ட பெயர் வராதா?

இப்படிச் சொல்லும்போது ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. "நஞ்சுக் கிணறு என்று எழுதி வைத்தால் எங்கள் வெங்காயத்தை யார் வாங்குவான்? காணி விலை என்னாகும்? பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வருவார்களா?" ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் இன்னும் ஒன்றை இழக்கச் சொல்வது இலகுவல்ல.

ஆனால் வரைபடம் இல்லாவிட்டால் கெட்ட பெயர் வராது என்று நினைப்பது தவறு. வதந்திக்கு எல்லை இல்லை. அது ஓர் ஊரின் பெயரைப் பிடித்தால் நல்ல கிணற்றையும் கெட்ட கிணற்றையும் ஒன்றாகவே சாய்த்துவிடும். இந்தக் கிணறு கெட்டது, அந்த நாற்பது கிணறுகளும் நல்லவை என்று சொல்லக்கூடியது வரைபடம் ஒன்றே. மிதிவெடிப் பலகை ஊரின் பெயரைக் கெடுத்ததா? பலகைக்கு இப்பால் உள்ள காணியில் அச்சமின்றி உழலாம் என்றல்லவா சொன்னது!

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வரைபடம் தீர்ப்பு அல்ல. கழிவிடத்துக்கு அருகில் நோய் இருப்பதால் மட்டும் அந்தக் கழிவே காரணம் என்று நிறுவிவிட முடியாது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு எமது இரசாயன உரமும் மலசலகூடக் குழிகளும் காரணங்களாக உள்ளன. தோட்டத்து வரம்பில் நாம் எறிந்த மருந்துப் போத்தலும் கழிவுதான். அதையும் குறிக்க வேண்டும். பிறர் கொட்டியதை மட்டும் எழுதி எமது கையை மறைத்தால் எமது வரைபடத்தை எவர் நம்புவார்?

நாம் செய்யக்கூடியது

இதற்குக் கணினி தேவையில்லை. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு ஞாயிறு பின்னேரத்தில் மரநிழலில் கூடி, நிலத்தில் தடியாற் கோடு கீறித் தொடங்கலாம். வீதி, ஒழுங்கை, கோயில், பாடசாலை, குளம் என்று முதலில் வரட்டும். பின்னர் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கல் வையுங்கள். குடிநீர்க் கிணறு வேறு, தோட்டக் கிணறு வேறு, பங்குக் கிணறு வேறு. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுங்கள். எத்தனை குடும்பங்கள் அள்ளுகின்றன, அவற்றில் கைக்குழந்தையும் கர்ப்பிணித் தாயும் உண்டா என்று கேளுங்கள்.

அதன்பின் முதியோரை அழைத்துக்கொண்டு ஊரை நடந்து பாருங்கள். எங்கே கொட்டினார்கள், எங்கே எரித்தார்கள், எங்கே குழி மூடினார்கள்? உடைந்த கல்நார் ஓட்டுக் குவியல், பழைய ஒயில் தாங்கி, இராணுவ முகாமோ தொழிற்சாலையோ இருந்து அகன்ற வளவு ஆகிய ஒவ்வொன்றையும் குறியுங்கள். நெருங்க வேண்டாம், தொட வேண்டாம், கிண்டவே வேண்டாம். எட்ட நின்று பார்த்து எழுதினாற் போதும். மாரியில் வெள்ளம் எப்பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். தண்ணீர் மணந்த நாள், நிறம் மாறிய நாள், மீன் இறந்த நாள் ஆகியவற்றைத் திகதியோடு எழுதுங்கள். திகதி இல்லாத முறைப்பாடு பாதி முறைப்பாடே.

நோய் விபரங்களை எழுதும்போது கவனம் தேவை. வீட்டாரின் பெயர் பொது வரைபடத்தில் வரக்கூடாது. அதை இலக்கத்தால் மட்டும் குறித்து, ஏட்டை நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள்.

விட்டு வந்த காணியையும் விட்டுவிடாதீர்கள். போக முடியாத இடமானால் நினைவிலிருந்தே கீறுங்கள். "இங்கே வீடு இருந்தது, இது குடிகிணறு, இத்தனை பேர் திரும்பி வர இருக்கிறோம்" என்று எழுதுங்கள். அது வெறுங்காணியல்ல என்பதற்கு அதுவே முதற் சாட்சி.

கீறியதை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று சங்கத்திடம் இருக்கட்டும். ஒன்றைக் கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மற்றதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து, ஐயமான கிணறுகளைச் சோதிக்கக் கேளுங்கள். சோதனை முடிவை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அலுவலகம் தீர்மானிக்க வேண்டும். அயலில் உள்ள ஆலைக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் உண்டா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்றும் இவ்வழியிற் கேட்கலாம். கேட்பதற்குக் காணி உறுதி தேவையில்லை. முகாமில் இருப்பவரும் கேட்கலாம்.

இவ்வளவும் செய்தால் கழிவு நின்றுவிடுமா? உடனே நிற்காது. வொறன் மக்களாலும் மண்ணைத் தடுக்க முடியவில்லை. அவர்கள் சிந்திய வியர்வையின் பலன் பின்வந்த ஊர்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது. சுன்னாகத்தில் தீர்ப்பு வருமுன் எத்தனையோ தோட்டங்கள் வாடின. ஆனால் கேட்க ஆளுண்டு என்று தெரிந்த ஒழுங்கைக்குள் ரிப்பர் நுழையத் தயங்கும். அடுத்த தலைமுறைக்கு, கிணறு வெட்ட இடம் பார்க்கும்போது விரித்துப் பார்க்க ஒரு கடதாசி இருக்கும்.

மிதிவெடிக்கு வரைபடம் கீற எம்மிடம் வந்து கேட்டார்கள். இதற்கு எவரும் வந்து கேட்கவில்லை. கேட்கும்வரை இருக்காமல், வருகிற மாரிக்கு முன்னர் முதற் கல்லை நாமே வைப்போம்.